விரியும் ரெக்கார்டுகள்: விதிகள் யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

பெயர், வயது, சம்பளம் எனப் பெயரிட்ட புலங்களைச் சேர்த்து ஒரே மதிப்பாகக் கையாள உதவுவது ரெக்கார்டு. நிரலாக்கத்தில் இதைவிட எளிமையான தரவமைப்பைக் காண்பது அரிது. ஆனாலும் வகைகளைக் கம்பைலரே கண்டறிந்து சரிபார்க்கும் ஃபங்ஷனல் மொழிகளில், ஏறத்தாழ 40 ஆண்டுகளாக முடிவுக்கு வராத கேள்விகளில் ஒன்று இந்த ரெக்கார்டைச் சுற்றியே இருக்கிறது. ஸ்டாண்டர்டு எம்எல் மொழியில் ‘எந்த ரெக்கார்டு வந்தாலும் அதன் பெயர்ப் புலத்தை எடுத்துக் கொடு’ என ஒரு சார்பு எழுதினால், மீதிப் புலங்கள் எவை என்று தெரியாததால் கம்பைலர் அதை ஏற்காது. ஹாஸ்கெல் 98-இல் ஊழியர், மாணவர் என இரண்டு வகைகளை ஒரே மாட்யூலில் அறிவித்து இரண்டிலும் ‘பெயர்’ என்ற புலத்தை வைக்க முடியாது. புலப்பெயர் ஒவ்வொன்றும் மாட்யூல் முழுவதற்கும் பொதுவான சார்பாகிவிடுகிறது. ‘இந்தப் புலங்கள் கட்டாயம் வேண்டும், மற்றவை எவையாக இருந்தாலும் சரி’ என்று சொல்லவும், புலங்களைச் சேர்க்கவும் நீக்கவும், இரண்டு ரெக்கார்டுகளை இணைக்கவும், இவற்றில் தவறு நேர்ந்தால் நிரல் ஓடும் முன்பே பிடிக்கவும் ஒரு மொழியால் முடியுமா என்பதே விரிவாக்கத்தக்க ரெக்கார்டுகளைப் பற்றிய ஆய்வின் மையக் கேள்வி.

இதற்கு ஆய்வாளர்கள் இரண்டு வழிகளில் விடை தேடினார்கள். புலங்களின் தொகுதியை ‘நிரை’ என்ற தனி உறுப்பாக வகை அமைப்புக்குள்ளேயே கொண்டுவருவது ஒன்று. ரெக்கார்டைப் பற்றி மொழி எதுவும் சொல்லாமல், வகைகளை வாங்கி வகைகளைத் திருப்பித் தரும் வகைமட்டச் சார்புகளை மட்டும் கொடுத்து, ரெக்கார்டை ஒரு லைப்ரரியாகக் கட்டிக்கொள்ளச் செய்வது மற்றொன்று. போதிய வலிமையுள்ள வகைமட்டச் சார்புகள் இருந்தால் நிரைகள் தேவையில்லை என்ற எண்ணம் ஹாஸ்கெல் வட்டாரத்தில் நீண்ட காலம் செல்வாக்கோடு இருந்தது. அந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ரெக்கார்டுகளுக்குச் சில இயற்கணித விதிகள் உண்டு. அவற்றைக் கம்பைலர் தானே அறிந்திருக்க வேண்டும். வகைமட்டச் சார்புகள் அந்த அடித்தளத்தின் மேல் எழ வேண்டும். லைப்ரரியில் எழுதிய சார்பு கணக்கைப் போட்டுக் காட்டும். அந்தக் கணக்கின் விதியைக் கம்பைலருக்குச் சொல்லித் தராது.

வரலாற்றிலிருந்து தொடங்கலாம். 1984-இல் லூகா கார்டெல்லி, அதிகப் புலங்கள் உள்ள ரெக்கார்டைக் குறைந்த புலங்கள் உள்ள ரெக்கார்டின் உள்வகையாகக் கொள்ளும் முறையை முன்வைத்தார். வயது கேட்கும் சார்புக்கு ஊழியர் ரெக்கார்டைக் கொடுக்கலாம். அதில் வயது இருக்கிறது, அது போதும். சிக்கல் அந்தச் சார்பு ரெக்கார்டைத் திருப்பித் தரும்போது வருகிறது. வயதை ஒன்று கூட்டி அதே ரெக்கார்டைத் திருப்பித் தரும் சார்புக்குள் ஊழியர் போனால், வெளியே வருவது ‘வயது உள்ள ஏதோ ஒன்று’. பெயரும் சம்பளமும் மதிப்பில் இருந்தாலும் வகையில் மறைந்துவிடும். மறைந்த புலங்களுக்கும் ஒரு பெயர் கொடுத்து அவற்றைக் கூடவே எடுத்துச்செல்லலாம் என்ற யோசனையை 1987-இல் மிட்செல் வாண்ட் தந்தார். அதுதான் நிரை மாறி. ‘வயது என்ற எண், மேலும் எஞ்சிய நிரை’ என்று உள்ளே போனது, அதே எஞ்சிய நிரையோடு வெளியே வருகிறது. அழகான யோசனை, ஆனால் அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு ரெக்கார்டில் வயதுப் புலத்தை வைக்கும் சார்பை எடுத்துக்கொள்வோம். உள்ளே வரும் ரெக்கார்டில் வயது ஏற்கெனவே இருந்ததா, இல்லையா? இருந்தால் ஒரு வகை, இல்லாவிட்டால் இன்னொரு வகை. இரண்டையும் அடக்கும் ஒரே பொது வகை வாண்டின் முறையில் இல்லை. மறு ஆண்டே அவர் இந்தக் குறையைத் தானே எழுதி வெளியிட்டார்.

அந்த ஓட்டையை அடைக்க மூன்று விடைகள் வந்தன, மூன்றும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. 1989-இல் டிடியே ரெமி ஒவ்வொரு பெயருக்கும் ‘இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்ற குறியை வகையிலேயே சேர்த்தார். குறி தெரியாவிட்டால் அதையும் ஒரு மாறியாக விடலாம். இந்த வழியில் வளர்ந்த நிரை மாறிகள்தான் ஓகேமல் மொழியின் ஆப்ஜெக்ட்டுகளில் இன்றும் வேலை செய்கின்றன. 1996-இல் பெனடிக்ட் காஸ்டரும் மார்க் ஜோன்ஸும் ‘இந்த நிரையில் வயது இல்லை’ என்ற நிபந்தனையைச் சார்பின் வகைக்கு முன்னால் எழுதும் முறையைத் தந்தார்கள். இதன் நேர்த்தி நடைமுறையில் தெரிகிறது. அந்த நிபந்தனைக்கான சான்று வெறும் காகிதச் சான்று இல்லை. புலம் நினைவகத்தில் எத்தனையாவது இடத்தில் உட்கார வேண்டும் என்ற எண். அந்த எண்ணைக் கம்பைலர் மறைவாகச் சார்புக்கு அனுப்பிவிடுவதால், பெயரைத் தேடி அலையாமல் நேராகப் புலத்தை எடுக்கலாம். ஜப்பானில் அட்சுஷி ஓஹோரியும் ஏறத்தாழ இதே உத்தியைத் தனி வழியில் உருவாக்கி 1995-இல் விரிவாக வெளியிட்டார். மூன்றாவது விடை 2005-இல் டான் லையன் தந்தது: ஒரே பெயர் இரண்டு முறை வரட்டும், புதியது பழையதை மறைக்கட்டும், புதியதை நீக்கினால் பழையது மீண்டும் தெரியட்டும். இப்போது எந்த நிபந்தனையும் வேண்டியதில்லை. முதல் பார்வைக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் பிழை கையாளும் பகுதிக்குள் இன்னொரு பிழை கையாளும் பகுதி வரும்போது இதே அடுக்குமுறை இயல்பாகப் பொருந்துவதால், லையன் பின்னர் உருவாக்கிய கோகா மொழியில் பக்க விளைவுகளைக் குறிக்க இதே நிரைகள் பயன்படுகின்றன.

இந்த மூன்று முறைகளும் ஒரு புலத்தைத் தொடும் வேலைகளுக்குப் போதும். எல்லாப் புலங்களையும் ஒன்றாகத் தொடும் வேலைக்குப் போதாது. ஒரு விண்ணப்பப் படிவத்தை நினைத்துப் பாருங்கள். முழுமையான விண்ணப்பத்தில் பெயர் எழுத்துச்சரம், வயது எண். பாதி நிரப்பிய விண்ணப்பத்தில் அதே புலங்கள், ஆனால் ஒவ்வொன்றும் ‘இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’. சரிபார்ப்பின் விளைவில் அதே புலங்கள், ஒவ்வொன்றிலும் பிழைச் செய்தி. ஒரே நிரையிலிருந்து பிறந்த மூன்று நிரைகள் இவை. இவற்றைக் கையால் மூன்று முறை எழுதினால், ஒரு புலம் கூடும்போது மூன்று இடங்களில் திருத்த வேண்டும். ஓரிடத்தில் மறந்தால் வருவது நிரலாளர்கள் அன்றாடம் பார்க்கும் பிழை. தரவுத்தள அட்டவணையிலிருந்து கேள்வியையும், ரெக்கார்டிலிருந்து ஜேசன் வடிவத்தையும் ஆக்குவது இதே இனம். நிரையை வாங்கி நிரையைத் தரும் சார்பு இங்கே தேவைப்படுகிறது, அதாவது வகைமட்டச் சார்பு.

ஹாஸ்கெல் இந்தப் பக்கம்தான் நடந்தது. 2000-இல் மார்க் ஜோன்ஸ், வகைக்கு வகை வேறுபடும் சார்புகளைத் தொகுக்கும் டைப் கிளாஸ்களுக்குள் சார்புத்தொடர்பு நிபந்தனைகளைக் கொண்டுவந்தார்; அவற்றைக் கொண்டு வகைமட்டத்திலேயே கூட்டல் கழித்தல் செய்ய முடிந்தது. 2004-இல் ஒலெக் கிசெல்யோவ், ரால்ஃப் லேமல், கெயன் ஷுப்கே மூவரும் எச்லிஸ்ட் என்ற லைப்ரரியை முன்வைத்து, மொழியை மாற்றாமலேயே விரிவாக்கத்தக்க ரெக்கார்டுகளைக் கட்டிக் காட்டினார்கள். அது உண்மையிலேயே பெரிய சாதனை. 2005-இல் டைப் கிளாஸோடு இணைந்த வகைகள் வந்தன. 2012-இல் பட்டியல் போன்ற சாதாரணத் தரவுகளை வகைமட்டத்துக்கு உயர்த்தும் வசதி. 2014-இல் மூடிய டைப் ஃபேமிலிகள், அதாவது வகைமட்டச் சார்பை வரிசையான சமன்பாடுகளாக எழுதும் வசதி. இவற்றோடு, ‘பெயரும் வகையும் சேர்ந்த இணைகளின் பட்டியல்’ என்று ஒரு ரெக்கார்டின் வகையை எழுதி, அந்தப் பட்டியல் மேல் மறுசுழல் சார்பாக எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலை வந்தது. காலிப் பட்டியல் வந்தால் காலி. முதல் உறுப்பு இருந்தால் அதன் வகையை மாற்றி, மீதிக்கு மீண்டும் அதே சார்பு. இரண்டே வரிகள்.

அந்த இரண்டு வரிகளை நெருங்கிப் பார்த்தால் மூன்று குறைகள் தெரியும். பட்டியலுக்கு வரிசை உண்டு, ரெக்கார்டுக்கு இல்லை. பெயர், வயது என்ற பட்டியலும் வயது, பெயர் என்ற பட்டியலும் கம்பைலருக்கு வெவ்வேறு வகைகள். ஆகவே ஒவ்வொரு முறையும் பெயர்களை அகரவரிசையில் அடுக்கும் சார்பையும் வகைமட்டத்தில் எழுதி ஓட்ட வேண்டும். இது முதல் குறை. இரண்டாவது, எஞ்சிய நிரை தெரியாத மாறியாக இருக்கும்போது சார்பு நகர மறுத்து அப்படியே நிற்கிறது. காலியா, முதல் உறுப்பு உண்டா என்று தெரியாமல் எந்த வரியைப் பயன்படுத்துவது? ஆனால் விரிவாக்கத்தக்க ரெக்கார்டின் பயனே எஞ்சிய நிரை தெரியாமல் இருக்கும் இடத்தில்தான். மூன்றாவதே என் வாதத்தின் உயிர்நாடி. அ, ஆ, இ என்ற மூன்று தெரியாத நிரைகளை இணைக்கிறோம். முதல் இரண்டை இணைத்துப் பிறகு மூன்றாவதைச் சேர்ப்பதும், கடைசி இரண்டை இணைத்து முதலாவதோடு சேர்ப்பதும் ஒன்றே. பள்ளிக் கணிதத்தில் சேர்ப்புப் பண்பு என்று படித்ததுதான். ஹாஸ்கெலில் எழுதிய இணைப்புச் சார்புக்கு இந்தப் பண்பு உண்டு என்பது எழுதியவருக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. அதை நிறுவத் தொகுத்தறிதல் வேண்டும், கம்பைலர் தொகுத்தறிதல் செய்வதில்லை. ஆகவே நிரலாளர் ஒவ்வோர் இடத்திலும் நிறுவலை மதிப்பாகக் கட்டிச் சுமக்க வேண்டும், அல்லது ‘என்னை நம்பு’ என்று சொல்லிச் சோதனையையே தாண்டிப் போக வேண்டும். இரண்டாவது வழியைத் தேர்ந்தால் வகை அமைப்பு எதற்கு?

இதை நேராக எதிர்கொண்ட மொழி ஆடம் க்ளிபாலாவின் உர். 2010-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இந்தத் துறையில் பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்றே நினைக்கிறேன். உர் மொழியிலும் வகைமட்டச் சார்புகள் உண்டு. ஆனால் நிரைகளை மறுசுழல் முறையில் இஷ்டம்போல் பிரித்துப் பார்க்க அது விடுவதில்லை. இரண்டு நிரைகளை இணைப்பதும், ஒரு சார்பை நிரையின் ஒவ்வொரு புலத்தின் மீதும் செலுத்துவதும் மொழியோடு பிறந்த செயல்கள். அவற்றின் விதிகளும் கம்பைலரோடு பிறந்தவை: இணைப்புக்குச் சேர்ப்புப் பண்பு, பரிமாற்றுப் பண்பு, காலி நிரை என்ற சமனி, இணைத்த நிரையின் மீது சார்பைச் செலுத்துவதும் தனித்தனியே செலுத்தி இணைப்பதும் ஒன்று என்ற பங்கீட்டுப் பண்பு, இரண்டு சார்புகளை அடுத்தடுத்துச் செலுத்துவதும் சேர்த்து ஒரே முறை செலுத்துவதும் ஒன்று என்ற விதி. இரண்டு நிரைகளில் பொதுப் பெயர் இல்லை என்ற நிபந்தனையையும் கம்பைலரே சரிபார்க்கிறது. விளைவு, எந்த அட்டவணையைக் கொடுத்தாலும் அதற்கான வலைப்படிவத்தையும் தரவுத்தளக் கேள்வியையும் ஆக்கித் தரும் பொதுச் சார்பை உரில் எழுதினால், அதைப் பயன்படுத்துபவர் நிறுவல் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. வகைமட்டச் சார்பின் சுதந்திரத்தைக் கொஞ்சம் குறைத்ததால், அதைப் பற்றிச் சிந்திக்கும் திறன் கம்பைலருக்குக் கூடியது.

இடைவழியில் நிற்பது ப்யூர்ஸ்கிரிப்ட். அதில் நிரைகள் மொழியின் உறுப்பு. ரெக்கார்டுகள் அவற்றின்மேல் அமைகின்றன. எல்லாப் புலங்களையும் தொட வேண்டுமானால் நிரையை, பெயர்களின் வரிசையில் அடுக்கிய பட்டியலாக மாற்றித் தரும் வசதி இருக்கிறது. பிறகு டைப் கிளாஸ்களைக் கொண்டு அந்தப் பட்டியலில் வேலை செய்யலாம். நிரை முழுவதும் தெரிந்த இடத்தில் இது நன்றாக ஓடுகிறது, ஹாஸ்கெலின் முதல் குறையும் இங்கே இல்லை. தெரியாத நிரை வந்ததும் பட்டியலாக மாற்ற முடியாமல் கணக்கு நின்றுவிடுகிறது. நிரை அடித்தளத்தில் இருந்தும், மேல்தளம் பட்டியலாகவே இருப்பதால் வந்த வரம்பு இது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். டைப்ஸ்கிரிப்ட் நிரைக் கோட்பாடு எதையும் வரித்துக்கொள்ளவில்லை. 2016-இல் எல்லாப் புலங்களையும் ஒன்றாக மாற்றும் வகைகளும், 2018-இல் நிபந்தனை வகைகளும் வந்தன. உலகெங்கும் நிரலாளர்கள் அவற்றைக் கொண்டு தினமும் வேலை முடிக்கிறார்கள். விதிகளும் நிறுவல்களும் எதற்கு? டைப்ஸ்கிரிப்டின் வெற்றியை மதிக்கிறேன். ரெக்கார்டுகளின் மேல் கணக்கிடும் வகைகளுக்கு எவ்வளவு பெரிய தேவை இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆனால் அது என்ன விலை கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தெரியாத இரண்டு வகைகளில் வரும் இரண்டு ரெக்கார்டுகளை விரித்து ஒன்றாக்கும் பொதுச் சார்பை எழுதுங்கள். விளைவின் வகை, இரண்டின் வெட்டு என்று டைப்ஸ்கிரிப்ட் சொல்லும். இப்போது முதலாவதில் எண் வகைப் புலம் ஒன்றையும், இரண்டாவதில் அதே பெயரில் எழுத்துச்சரப் புலம் ஒன்றையும் கொடுங்கள். ஓடும்போது இரண்டாவது முதலாவதை மூடிவிட, கையில் இருப்பது எழுத்துச்சரம். வகையோ எண்ணும் எழுத்துச்சரமும் ஒருங்கே ஆன, எந்த மதிப்பும் இருக்க முடியாத வகை. இருக்க முடியாது என்று வகை சொல்லும் மதிப்பு கையில் இருக்கிறது. கம்பைலர் எச்சரிக்கவும் இல்லை. உர் மொழியில் ‘பொதுப் பெயர் இல்லை’ என்ற நிபந்தனை தடுப்பது சரியாக இந்த இடத்தைத்தான். நிபந்தனை வகைகளும் தெரியாத வகையின் மேல் நின்றுவிடுவதால், பொதுச் சார்பின் உடலுக்குள் பெரும்பாலும் ‘இதை இந்த வகையாக எடுத்துக்கொள்’ என்ற கட்டளை தேவைப்படுகிறது. ஹாஸ்கெலின் இரண்டாவது குறை வேறு உடையில் இங்கேயும் வந்துவிட்டது.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு. எல்ம் மொழி தொடக்கத்தில் லையனின் முறையைத் தழுவிப் புலங்களைச் சேர்க்கவும் நீக்கவும் இடம் கொடுத்தது. 2015-இல் வந்த 0.16 பதிப்பில் அந்த இரண்டையும் நீக்கிவிட்டது. நடைமுறையில் அவற்றைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. ‘இந்தப் புலம் உள்ள எந்த ரெக்கார்டும்’ என்று எழுதும் வசதி மட்டும் தொடர்ந்தது. அப்படியானால் விரிவாக்கம் யாருக்கும் வேண்டாததா? எல்மின் அனுபவத்தை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு புலத்தைச் சேர்ப்பது தனியாக நின்றால் பெரும் பயன் தருவதில்லை என்பது உண்மை. பயன் வருவது, நிரை முழுவதன் மீதும் சார்பைச் செலுத்த முடியும்போது. எல்மில் அந்த இரண்டாவது பாதி ஒருபோதும் இருந்ததில்லை. பாதிப் பாலத்தில் யாரும் நடக்கவில்லை என்பதால் ஆற்றைக் கடக்க ஆளில்லை என்ற முடிவுக்கு வர முடியாது.

மிகக் கனமான மறுப்பு கணிதத்திலிருந்து வருகிறது. விதிகளைக் கம்பைலருக்குள் வைத்தால், வகையைத் தானே கண்டறியும் வேலை கெட்டுப்போகும். இரண்டு தெரியாத நிரைகளை இணைத்தால் பெயர், வயது என்ற நிரை கிடைக்கிறது என்று மட்டும் தெரிந்தால், அவை எவை? முதலாவதில் இரண்டும், முதலாவதில் பெயர் மட்டும், வயது மட்டும், ஒன்றும் இல்லை என நான்கு விடைகள். எதுவும் மற்றதைவிடப் பொதுவானது இல்லை. எம்எல் மரபு போற்றும் ‘ஒரே சிறந்த வகை’ இங்கே இல்லை. இந்த மறுப்பு உண்மை, அதை மழுப்பக் கூடாது. உர் இதற்கு முழுமையான தீர்வு காணவில்லை. அனுபவ விதிகளைக் கொண்டு தேடி, கிடைக்காவிட்டால் நிரலாளரிடம் வகையை எழுதச் சொல்கிறது. இன்னும் நேர்த்தியான வழியைக் காரெட் மோரிஸும் ஜேம்ஸ் மெக்கின்னாவும் 2019-இல் காட்டினார்கள். இணைப்பைத் தீர்க்க வேண்டிய சமன்பாடாகக் கொள்ளாமல், ‘இவ்விரண்டும் சேர்ந்தால் இது’, ‘இது அதனுள் அடங்கும்’ என்ற நிபந்தனைகளாகச் சார்பின் வகையிலேயே எழுதிவைப்பது அவர்கள் முறை. நான்கில் ஒன்றை ஊகிக்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. தகவல் வரும்வரை நிபந்தனை காத்திருக்கும். ரெமியின் வழி, காஸ்டர்–ஜோன்ஸ் வழி, லையனின் வழி ஆகியவை இந்தப் பொதுச் சட்டகத்தின் வெவ்வேறு தேர்வுகளாக அமைந்துவிடுவதும் அதன் சிறப்பு. 2023-இல் அலெக்ஸ் ஹ்யூபர்ஸும் மோரிஸும் இதன் மேல் வகைமட்டச் சார்புகளையும், நிரை முழுவதன் மீதும் இயங்கும் பொதுச் சார்புகளையும் சேர்த்தார்கள்.

விதிகளைக் கம்பைலருக்குள் வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்வோருக்கு இன்னொரு துறையைச் சுட்டிக்காட்டலாம். மீட்டர், வினாடி போன்ற அளவலகுகளை எஃப் ஷார்ப் மொழி வகையிலேயே சரிபார்க்கிறது. மீட்டரை வினாடியால் வகுத்ததும், வினாடியின் தலைகீழை மீட்டரால் பெருக்கியதும் ஒன்று என்பதை ஆண்ட்ரூ கென்னடியின் ஆய்வு வழியாக அந்தக் கம்பைலர் அறிந்திருக்கிறது. பயன்படுத்துபவர் எந்த நிறுவலும் எழுதுவதில்லை. அளவலகுகளின் இயற்கணிதம் நிரைகளின் இயற்கணிதத்தைவிட இணக்கமானது, அங்கே ஒரே சிறந்த விடை கிடைத்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு குறிப்பிட்ட துறைக்கான விதிகளைக் கம்பைலரில் பதிப்பது மொழியின் தூய்மையைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு அது போதிய பதில்.

ஹாஸ்கெலின் முதன்மைக் கம்பைலரான ஜிஎச்சியின் 9.2 பதிப்பு 2021-இல், புள்ளி வைத்துப் புலத்தைப் படிக்கும் வசதியைத் தந்தது. அதற்கு முன்பே, 2016-இல், ஒரே மாட்யூலில் இரண்டு வகைகளுக்கு ஒரே புலப்பெயர் வைக்கும் வழியும் வந்துவிட்டது. அன்றாட எரிச்சல்கள் இவற்றால் குறைந்தன. நிரை மட்டும் இன்னும் மொழிக்குள் வரவில்லை. வகைமட்டச் சார்புகளுக்கு மேலும் மேலும் வலிமை கூட்டிக்கொண்டே போவதால் அந்த இடம் நிரம்பாது. ஜிஎச்சியை வளர்ப்பவர்களும், புதிதாக மொழி அமைப்பவர்களும் இணைப்பு, அடக்கம், நிரை முழுவதும் சார்பைச் செலுத்துதல் ஆகிய மூன்றையும் அவற்றின் விதிகளோடு மொழியின் உட்கருவிலேயே வைக்க வேண்டும். அதற்கு வேண்டிய கோட்பாடு அச்சில் இருக்கிறது. தொழில்துறையில் பரவலாகப் புழங்கும் எந்தக் கம்பைலரிலும் அது இன்னும் இல்லை.